அரைக்காசு அம்மனிடம் ஒரு கேள்வி: புதுக்கோட்டை நவராத்திரியும் நம் பங்கும்

எந்தத் தோழரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் என்னைப் போன்ற பலருக்கு முதன்முதலாகப் புத்தகம் கொடுத்தவர். புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே, “எழுதியிருப்பதைப் படி. யாரைப் பற்றி எழுதவில்லை என்பதையும் சேர்த்துப் படி” என்பார். அவர் சொன்ன அந்த வழியில்தான் இன்று நவராத்திரியைப் படிக்கப் போகிறேன்.

எங்கள் வீட்டில் அரிவாள் காணாமல் போனாலும் ஆடு வழி தவறினாலும் அப்பாயி ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “அரைக்காசு அம்மா, தேடிக் குடுத்துரு தாயி” என்று வேண்டிக்கொள்ளும். பொருள் கிடைத்தால் வெல்லம் எங்கள் வாய்க்கு வரும். அதனால் பொருள் தொலைவதில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அந்த அம்மன் திருக்கோகர்ணத்தில் இருக்கும் பிரகதாம்பாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பாயி அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறதா என்று கேட்டேன். “நாம எங்க ஆத்தா உள்ள போறது, இங்கேருந்து கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதா” என்றது. தொலைந்ததைத் தேடித் தரும் அம்மனை நம்பிய ஒருத்திக்கு, அந்த அம்மனின் வாசலே தொலைந்து போயிருந்தது. என் பேச்சை அங்கிருந்து தொடங்குகிறேன்.

அரிசியும் காசும்

அரைக்காசு அம்மன் என்ற பெயர் எப்படி வந்தது? அதற்குள் நவராத்திரியின் கதை இருக்கிறது.

தொண்டைமான்களின் ஆட்சி 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்குகிறது. இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் ஆதரவில் எழுந்த கள்ளர் குல அரசு அது. 1730இல் பட்டத்துக்கு வந்த விஜயரகுநாதத் தொண்டைமான், 1738இல் திருவரங்குளத்துக் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்று சமஸ்தான வரலாறு சொல்கிறது. மௌன விரதத்தில் இருந்த துறவி மணலில் மந்திரம் எழுதிக் காட்டினார். கோபாலகிருஷ்ண சாஸ்திரியைக் குருவாகக் கொள்ளும்படியும் சொன்னார். அரசர் அந்த மணலைத் துணியில் அள்ளி வந்து அரண்மனையில் வைத்து வணங்கினார். நவராத்திரியைச் சமஸ்தானத்தின் பெருவிழாவாகக் கொண்டாடுவதையும், அப்போது அரிசியோடு காசு வழங்குவதையும் இந்தச் சந்திப்போடுதான் இணைத்துச் சொல்கிறார்கள்.

அந்தக் காசுதான் அம்மன் காசு. சிறிய செப்புக் காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். ஆங்கிலேயர் காலத்திலும் இந்த ஒரு காசு மட்டும் சமஸ்தானத்தின் சொந்தக் காசாகத் தொடர்ந்தது. அரசர்கள் ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்ற பட்டத்தைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். நாடு அம்மனுடையது, தாங்கள் அவளுடைய ஊழியர்கள் என்பது அதன் பொருள்.

இந்த ஏற்பாடு புதுக்கோட்டைக்கு மட்டும் உரியதல்ல. விஜயநகரத்தின் மகாநவமி விழாவை 16ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், அங்கே நடந்த பலியையும் படை அணிவகுப்பையும் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். விஜயநகரம் சரிந்த பிறகு 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையார் தசராவைத் தொடங்கினார். இராமநாதபுரத்தில் சேதுபதிகள் இராஜராஜேசுவரி அம்மனுக்கு நவராத்திரி எடுத்தார்கள். மழைக்காலம் முடிந்து படை கிளம்பும் பருவம் அது. ஆயுதத்தை எடுத்து வைத்துப் பூசை போட்டு, யார் தனக்குக் கீழே, யாருக்கு எந்த மரியாதை என்பதை அரசன் ஊரறியக் காட்டும் நாள். புதிதாக எழுந்த ஒவ்வோர் அரசுக்கும் இந்த விழா தேவைப்பட்டது. புதுக்கோட்டைக்கும் தேவைப்பட்டது.

சமூகவியல் மாணவியாக நான் இந்த விழாவை ஒரு கணக்குப் புத்தகமாகப் பார்க்கிறேன். யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது, யாரிடமிருந்து என்ன வாங்கப்பட்டது என்ற இரண்டு பத்திகள் கொண்ட புத்தகம். கொடுத்த பத்தியில் பிராமணர்களுக்கு அரிசியும் அம்மன் காசும், வேதம் படித்தவர்களுக்குச் சன்மானம், அரசனுக்கு நெருங்கிய குடும்பங்களுக்குப் பரிவட்டமும் தாம்பூலமும் முன் வரிசையும். வாங்கிய பத்தியில் விறகு, இலை, ஆடு, நெல், சுமை, பறையடி.

அந்த இரண்டாவது பத்தியில்தான் நம் முன்னோர் இருக்கிறார்கள். பெயர் இல்லாமல் இருக்கிறார்கள்.

மானியம் யாருக்கு, ஊழியம் யாருக்கு

புதுக்கோட்டை வரலாற்றைப் பற்றிப் பேசும் எவரும் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. இந்தச் சமஸ்தானத்தில் மானியம் என்பது வெறும் நிலமாக இருக்கவில்லை, அரசனோடு ஒருவருக்கு உள்ள உறவின் அளவுகோலாக இருந்தது என்று அவர் காட்டினார். விளைநிலத்தில் பெரும்பகுதி ஏதோ ஒரு மானியத்தின் கீழ் இருந்தது. படைத்தலைவருக்கு மானியம், கோயிலுக்கு மானியம், சத்திரத்துக்கு மானியம், பிராமணர்களுக்குப் பிரம்மதேயம். கடைசியில் ஊழிய மானியம். ஊரின் வெட்டியானுக்கும் தலையாரிக்கும் கண்மாய் மடை திறக்கிறவருக்கும் ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நிலத்துக்காக ஆண்டு முழுவதும் கூலியில்லாத வேலை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேலே இருந்தவருக்கு மானியம் மரியாதையாக வந்தது. கீழே இருந்தவருக்கு அதே மானியம் கட்டாய வேலையாக வந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததில்தான் சாதியின் சாமர்த்தியம் இருக்கிறது. “உனக்கும் பங்கு உண்டு” என்று சொல்லிக்கொண்டே பங்கைப் பறிப்பது அது. பறையடிப்பவர் விழாவுக்கு இன்றியமையாதவர் என்பார்கள். அவர் அடிக்காமல் சாமி புறப்படாது என்பார்கள். ஆனால் சாமி புறப்படும் வாசலுக்குள் அவர் வரக்கூடாது. தவிர்க்க முடியாதவர் ஆனால் தள்ளி நிற்க வேண்டியவர் என்பதுதான் விழாவில் நமக்குக் கொடுக்கப்பட்ட இடம்.

1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி 1894 வரை சமஸ்தானத்தை நடத்தினார். நகரத்தைத் திருத்தியவர், குளங்களைத் தூர்வாரியவர் என்று அவரைப் புகழ்வார்கள். அதில் உண்மை உண்டு. 1888இல் அவர் காலத்தில் தொடங்கிய இனாம் செட்டில்மெண்டுதான் நம் கதைக்கு முக்கியம். பழைய ஊழியங்களில் பல தளர்த்தப்பட்டு, மானியங்கள் வரி கட்டும் உரிமை நிலங்களாக மாறின. ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் அந்த ஏற்பாடு மானியதாரரோடு செய்துகொள்ளப்பட்டது. அவருக்குக் கீழே உழுத பண்ணையாளோடு யாரும் எதையும் செய்துகொள்ளவில்லை. நேற்று வரை மரியாதையாக இருந்தது இன்று பட்டாவாகிவிட்டது. பண்ணையாளுக்கு மரியாதையும் இல்லை, பட்டாவும் இல்லை.

அதே காலத்தில் பக்கத்தில் என்ன நடந்தது? செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலங்களும் பிறகு பறிக்கப்பட்டன, அது தனிக் கதை. ஆனால் மீட்க வேண்டும் என்று கேட்பதற்காவது அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். மாகாண அரசின் அந்த ஆணை எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. கந்தர்வகோட்டைக்கு மேற்கே ஒரு கோடு, கீரனூருக்கு வடக்கே ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சென்னை அரசு, இந்தப் பக்கம் அம்மனின் நாடு. அம்மனின் நாட்டில் அம்மன் காசு உண்டு, பஞ்சமி நிலம் இல்லை.

1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974இல் தனி மாவட்டமானது. இணைப்பு ஆவணங்களில் அரசருக்கு மானியத்தொகை எழுதப்பட்டது. பண்ணையாளுக்கு எதுவும் எழுதப்படவில்லை.

அம்மனின் உடல்

காசு கதை இருக்கட்டும், அம்மன் யார் என்று கேட்போம். அரண்மனை நவராத்திரியில் அவள் மகிஷாசுரனைக் கொன்றவள். எருமைத் தலையனைக் காலடியில் போட்டவள். எங்கள் தெருவில் இருப்பவளும் அம்மன்தான், ஆனால் அவளுடைய கதை வேறு.

மாரியம்மன் கதையை நம்மில் பலர் உடுக்கைப் பாட்டில் கேட்டிருப்போம். கற்பில் சந்தேகப்பட்ட முனிவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மகன் தாயை வெட்டுகிறான். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த சேரிப் பெண்ணையும் சேர்த்து வெட்டுகிறான். பிறகு உயிர் கொடுக்கும்போது தலை மாறிவிடுகிறது. மேல்சாதித் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் ஒன்றாகின்றன. அவள்தான் மாரி. ஊர் கும்பிடும் தெய்வத்தின் உடல் சேரியின் உடல் என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. முனிவரின் மனைவியைத் தன் உயிர் கொடுத்துக் காப்பாற்ற முயன்றவள் ஒரு சேரிப்பெண் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை.

எருமைக்கும் ஒரு கதை உண்டு. சென்னை பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலில் அது பதிவாகியிருக்கிறது. ஒரு தீண்டப்படாத இளைஞன் தன் பிறப்பை மறைத்துப் பிராமணப் பெண்ணை மணந்துகொள்கிறான். உண்மை தெரிந்ததும் அவள் தீயில் விழுந்து தெய்வமாகிறாள். அவன் எருமையாகப் பிறந்து ஆண்டுதோறும் அவள் முன் பலியாகிறான். தோழர்களே, இது என்ன கதை? சாதி மீறிய திருமணத்துக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை விழாவாக மாற்றிய கதை. ஒருமுறை கொன்றால் போதாது, ஆண்டுதோறும் கொல்ல வேண்டும் என்கிறது. உடுமலையிலும் தர்மபுரியிலும் நாம் பார்த்த கொலைகளுக்கும் சாவுகளுக்கும் பின்னால் நிற்கும் மனம் இந்தக் கதையைச் சொன்ன மனம்தான்.

வடக்கே ஜார்கண்டிலும் வங்கத்திலும் அசுர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். இரும்பு உருக்கிய மரபைச் சேர்ந்தவர்கள். ஊரெல்லாம் துர்கா பூசை கொண்டாடும் நாட்களில் அவர்கள் துக்கம் காக்கிறார்கள். மகிஷன் தங்கள் முன்னோர் என்கிறார்கள். 2021இல் கொல்கத்தா துர்கா பூசையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது உலகமே மகிழ்ந்தது. அந்தத் துக்கத்தைச் சேர்க்க உலகத்தில் பட்டியல் எதுவும் இல்லை.

மறுவாசிப்பு நமக்குப் புதிதல்ல. 1907இல் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், அம்மனைப் பௌத்த மரபில் வந்த ஒரு பிக்குணியாக விளக்கி எழுதினார். மக்களுக்கு அறமும் மருந்தும் சொன்ன பெண், பிறகு தெய்வமாக்கப்பட்டாள் என்பது அவருடைய வாசிப்பு. அதை வரலாற்றுச் சான்றுகளோடு வைத்து விவாதிக்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் செய்த காரியம் பெரியது. விழாவை யார் விளக்குவது என்ற உரிமையை அவர் கையில் எடுத்தார்.

அம்மனைக் கும்பிட்ட நாடு பெண்களை எப்படி வைத்திருந்தது என்பதற்கும் புதுக்கோட்டையே சாட்சி. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் தேவதாசி மரபில் வந்தவர். பெண் என்பதற்காகவும் அந்தப் பிறப்புக்காகவும் மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தது. அரசர் அனுமதித்ததால் படித்தார். மருத்துவரானார், சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்கும் போராட்டத்தை முன்னெடுத்தார். 1947இல் சட்டம் வந்தது. அம்மனுக்கு ஒன்பது நாள் பூசை செய்த ஊரில் பிறந்த ஒரு பெண், அம்மனின் பெயரால் பெண்களைப் பொட்டுக்கட்டிய வழக்கத்தை முடித்து வைத்தார். நவராத்திரி வரலாற்றில் இதையும் எழுத வேண்டும்.

ஒன்பதாம் நாள்

சரஸ்வதி பூசை என்றால் எனக்கு நினைவு வருவது ஒரு வீட்டு வாசல். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். கூடப் படித்த பிள்ளை கொலு பார்க்கக் கூப்பிட்டது. படிகளில் பொம்மைகள். செட்டியார் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார், கல்யாண ஊர்வலம் போகிறது. எல்லாம் வாசலிலிருந்து பார்த்ததுதான். மற்ற பிள்ளைகளுக்கு உள்ளே தட்டில் சுண்டல், எனக்கு வாசலில் காகிதத்தில். சுண்டல் நன்றாகத்தான் இருந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த நாளில் புத்தகத்தை அடுக்கிப் பூசையில் வைத்துவிட்டு, அன்று படிக்கக்கூடாது என்பார்கள். நூற்றாண்டுகளாக எந்த நாளிலும் படிக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் நாம். சாவித்திரிபாய் புலே 1848இல் புனேயில் பெண்களுக்குப் பாடம் நடத்தப் போனபோது அவர்மேல் சாணியை வீசினார்கள். எனவே நமக்குச் சரஸ்வதி பூசை என்றால் புத்தகத்தைத் திறப்பதுதான்.

அந்தப் பூசை இந்த மாவட்டத்தில் ஒருமுறை நடந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைச் சொல்கிறேன். கூலி வேலை முடிந்து வந்த பெண்கள் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அதோடு சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரியில் கொத்தடிமைகளைப் போல் கிடந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். என் சித்தி அப்படிச் சைக்கிள் பழகியவர். முதல் வருஷம் ஆயுத பூசைக்கு அந்தச் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடி வளையலை ஹேண்டில்பாரில் கட்டினார். அரசர்கள் வாளுக்குப் பூசை போட்ட நாளில் எங்கள் தெருவில் சைக்கிளுக்குப் பூசை போட்டார்கள். எந்த ஆயுதம் யாரை விடுவித்தது என்று கேட்டால் நான் சித்தியின் சைக்கிளைத்தான் காட்டுவேன்.

ஆயுத பூசை அன்று பேருந்துக்கும் லாரிக்கும் கணினிக்கும் பொட்டு வைக்கிறோம். துப்புரவுத் தொழிலாளரின் துடைப்பத்துக்கும் பொட்டு வைக்கச் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலையைப் புனிதமாக்கினால் அது விடுதலையாகாது. பறை அப்படியல்ல. அதைக் கட்டாய ஊழியத்திலிருந்து மீட்டு, நாம் விரும்பிய மேடையில், நாம் கேட்கும் கூலிக்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து அடிக்கிறோம். மீட்டெடுத்ததைக் கொண்டாடலாம். சுமத்தப்பட்டதைக் கொண்டாடக்கூடாது.

பத்தாம் நாள்

விஜயதசமிக்கு நமக்கு ஒரு பொருள் உண்டு. 1956 அக்டோபர் 14, நாக்பூர். அசோகர் பௌத்தம் தழுவியதாகக் கருதப்படும் அசோக விஜயதசமி நாளைத் தெரிந்தெடுத்து, இலட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றார். அவர் காலண்டரில் ஏதோ ஒரு நாளைத் தொட்டுவிடவில்லை. வாளின் வெற்றியைக் கொண்டாடும் நாளை, வாளைக் கீழே வைத்த அரசனின் நாளாக மாற்றினார்.

நம்மில் சிலர் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். சிலர் பௌத்தர்கள், சிலர் கிறித்தவர்கள், சிலர் எதையும் கும்பிடாதவர்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேடம் கட்டிப் போகிற தம்பிகளும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு நம்மால் வரலாறு எழுத முடியாது. என் அப்பாயியின் வெல்லத் துண்டை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அப்பாயி கேட்காத கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும்.

2022 டிசம்பரில் இந்த மாவட்டத்தின் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன ஆட்சியர், இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்களை அழைத்துச் சென்றார். அதுவரை அந்தக் கோயிலுக்குள் அவர்கள் போக முடியவில்லை. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட மக்களிலேயே 3 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஊர் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அம்மன் காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது, அரசரும் போய்விட்டார். ஆனால் யார் உள்ளே, யார் வாசலில் என்ற வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அரசரின் அரண்மனைதான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை தோறும் நம் மக்கள் அங்கே மனுவோடு நிற்கிறார்கள். சுடுகாட்டுப் பாதைக்கு, பட்டாவுக்கு, தண்ணீருக்கு. நவராத்திரியில் தலைமுறை தலைமுறையாக நம் கைக்கு வராத அரிசியும் காசும்தான் இன்று மனுவாக அந்த வாசலுக்குப் போகின்றன. இங்கே இருக்கும் இளைஞர்கள் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஊழிய மானியம் யாரிடம் இருந்தது, இனாம் செட்டில்மெண்டுக்குப் பிறகு யார் பெயருக்குப் போனது, பறையடித்த குடும்பத்துக்கு என்ன நிலம் இருந்தது, இப்போது அது எங்கே என்று எழுதுங்கள். பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள். தாத்தா பாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். என் அப்பாயியிடம் நான் தாமதமாகத்தான் கேட்டேன். பாதிக் கதை அதோடு போய்விட்டது.

தொலைந்ததைத் தேடித் தருபவள் அரைக்காசு அம்மன் என்கிறார்கள். சரி, தேடட்டும். நாமும் தேடுவோம். அப்பாயி அரிவாளைத் தேடியது, நாம் அரிவாளால் அறுத்த வயலைத் தேடுவோம்.

ஜெய்பீம்.